உங்கள் மொட்டை மாடியில் ஒரு மின் நிலையம்... தெரியுமா?

மேலே வெயில் கொளுத்துகிறது. கீழே ஈபி பில் கொதிக்கிறது! வெயிலைக் கொண்டே பில்லைக் குறைக்க ஒரு சோலார் பேனல், ஓர் இன்வெர்ட்டர், வேண்டுமானால் ஒரு பேட்டரி... அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றுக்குள்ளும் எத்தனை விந்தைகள் இருக்கின்றன தெரியுமா? எதைத் தெரிந்துகொண்டால் பணம் மிஞ்சும்? எதைக் கவனிக்காமல் விட்டால் பாதிக்குப் பாதி கரண்ட் வீணாகும்? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்!

வெயில் கரண்ட் ஆன கதை

★ உங்கள் மாடியில் இப்போது விழும் வெயில் சூரியனை விட்டுக் கிளம்பி எவ்வளவு நேரமாகிறது தெரியுமா? சுமார் 8 நிமிடம் 20 வினாடி! 15 கோடி கிலோமீட்டரைக் கடந்து வந்து உங்கள் பேனலில் இறங்குகிறது. அடுத்த நொடியே உங்கள் வீட்டு மின்விசிறி சுழல்கிறது!

★ ஒளியிலிருந்து மின்சாரம் பிறக்கும் என்று முதலில் கண்டவருக்கு வயது என்ன தெரியுமா? வெறும் 19! பிரான்சைச் சேர்ந்த எட்மண்ட் பெக்கரல் 1839-இல் தன் அப்பாவின் ஆய்வுக்கூடத்திலேயே அதைக் கண்டார். அப்போது உலகில் மின்விளக்கு எரியும் வீடே கிடையாது!

★ 1883-இல் அமெரிக்காவின் சார்லஸ் ஃபிரிட்ஸ் செலினியத்தில் சோலார் செல் செய்தார். விழுந்த வெயிலில் எவ்வளவு கரண்டாக மாறியது தெரியுமா? சுமார் 1 சதவீதம்! 1954-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மூன்று பேர் சேர்ந்து செய்த சிலிக்கான் செல் 6 சதவீதத்தைத் தொட்டது. அதை உலகுக்குக் காட்ட அவர்கள் எதை ஓட்டினார்கள் தெரியுமா? ஒரு பொம்மை ராட்டினத்தை! இன்று கடையில் நீங்கள் வாங்கும் சாதாரண பேனலே 20 முதல் 23 சதவீதம்!

★ 1958-இல் அமெரிக்கா ஏவிய வான்கார்டு-1 செயற்கைக்கோளில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. ஒன்று பேட்டரியில் ஓடியது, இன்னொன்று சோலாரில். பேட்டரி எத்தனை நாள் தாங்கியது தெரியுமா? அதே ஆண்டிலேயே தீர்ந்துவிட்டது! சோலார்? 1964 வரை பேசிக்கொண்டே இருந்தது! அந்தச் செயற்கைக்கோள் இன்னமும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. விண்வெளிக்கு மனிதன் செய்து அனுப்பிய பொருள்களில், இன்றும் அங்கே இருப்பவற்றில் மிகப் பழையது அதுதான்!

★ 1970-களின் நடுவில் ஒரு வாட் சோலார் செல்லின் விலை இன்றைய மதிப்பில் 70 டாலருக்கும் மேல்! இன்று? கால் டாலருக்கும் கீழே! ஐம்பதே ஆண்டில் இந்தச் சரிவு!

பேனல் வாங்கப் போகிறீர்களா?

★ தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சோலார் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் தரும் தெரியுமா? சராசரியாகச் சுமார் 4 யூனிட்! 3 கிலோவாட் போட்டால் நாளுக்கு 12. இரண்டு மாத பில் கணக்கில் பார்த்தால் 720 யூனிட்! அதற்கு எத்தனை பேனல்? 540 வாட் பேனல் என்றால் ஆறே ஆறு! நடந்து போகவும் துடைக்கவும் வழிவிட்டு வைத்தால் சுமார் 300 சதுர அடி போதும்!

★ கத்திரி வெயிலில்தான் சோலார் அதிகம் தரும் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் ஆச்சரியம்! பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதன் எதிரி! பேனலின் வாட் அளவைச் சோதனைக்கூடத்தில் 25 டிகிரியில் வைத்து அளக்கிறார்கள். மே மாத மாடியில் அதே பேனல் 65 டிகிரிக்குச் சூடேறும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் கழியும். மொத்தம் எவ்வளவு போச்சு தெரியுமா? 14 சதவீதம்! வானம் தெளிந்து, சூடும் அளவாக இருக்கும் மாசி, பங்குனிதான் பேனலுக்குக் கொண்டாட்டம்!

★ அப்படியானால் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் தெரியுமா? பேனலின் விவரத்தாளில் 'வெப்பநிலைக் குணகம்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 0.35-க்குப் பதில் 0.30 என்று இருந்தால் நம்ம ஊர் வெயிலுக்கு அது நல்ல பேனல்! 'டாப்கான்' வகைப் பேனல்களில் பெரும்பாலும் இந்த எண்தான் வரும். விலையைக் கேட்கும் நூறு பேரும் இந்த ஒரு வரியையும் கேட்க வேண்டும்!

★ பேனலைத் தரையிலிருந்து உயர்த்தி, அடியில் காற்றோட்டம் விட்டால் அதன் சூடு தணியும், கரண்ட் கூடும்! கூடுதல் மின்சாதனம் எதுவும் இல்லாமலே கிடைக்கும் லாபம் இது!

★ பின்பக்கமும் கரண்ட் தரும் பேனல் உண்டு தெரியுமா? பெயர் 'பைஃபேஷியல்'! தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் அது விடாது. மாடிக்கு வெள்ளை கூல் பெயிண்ட் அடித்து, பேனலையும் உயரமாக நிறுத்தினால் 5 சதவீதத்துக்கு மேலும் கூடுதலாகக் கிடைக்கும். கீழே இருக்கும் அறையும் குளிரும்!

★ ஒரு பேனலின் மேல் எவ்வளவு எடை தாங்கும் தெரியுமா? தரச் சோதனையில் சதுர மீட்டருக்கு 550 கிலோ அளவுக்கு அழுத்திப் பார்க்கிறார்கள். 540 வாட் பேனலின் பரப்புக்குக் கணக்கிட்டால் 1,400 கிலோ! ஒரு சின்ன காரையே தூக்கி வைத்த மாதிரி! அது மட்டுமா? 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் அடித்துப் பார்க்கிறார்கள். கண்ணாடி உடையக் கூடாது! ஆனால் ஒன்று... அதன் மேல் யாரையும் ஏறி நடக்க விடாதீர்கள்! குதிகால் பட்ட இடத்தில் செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். உள்ளே இருக்கும் சிலிக்கான் தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை!

★ தென்னங்கீற்று ஒன்றின் நிழல் விழுந்தால் எவ்வளவு போகும்? மூடிய அளவுக்குத்தானே என்கிறீர்களா? இல்லை! செல்கள் எல்லாம் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒரே ஒரு செல் முழுதாக மறைந்தால்கூடப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிடும்! தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டுச் சுவர்... காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மாடி ஏறி நிழலைப் பார்த்துவிட்டுப் பிறகு இடத்தை முடிவு செய்யுங்கள்!

★ பேனலைத் தெற்குப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். எவ்வளவு சாய்வு தெரியுமா? உங்கள் ஊரின் அட்சரேகை அளவே போதும்! சென்னைக்கு 13 டிகிரி, மதுரைக்கு 10. இன்னொரு விந்தை தெரியுமா? ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிவெயில் வடக்கிலிருந்து அடிக்கிறது! அதனால்தான் நமக்கு நிமிர்ந்த சாய்வு வேண்டாம். அதற்காகத் தட்டையாகவும் படுக்க வைக்காதீர்கள். 10 டிகிரியாவது சரிவு இருந்தால்தான் மழை பெய்யும்போது தூசி வழிந்து ஓடும்!

★ சென்னையில் கட்டடம் கட்ட எவ்வளவு காற்று வேகத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது இந்தியத் தர விதி தெரியுமா? நொடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்! உங்கள் பேனல் நிற்கும் இரும்புச் சட்டத்துக்கும் அதே கணக்குதான். கடலோர ஊரா? துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புதானா என்று கேட்டு வாங்குங்கள். பெயிண்ட் அடித்த இரும்பை உப்புக் காற்று தின்றுவிடும்!

★ பேனல் எத்தனை வருஷம் உழைக்கும்? 25 ஆண்டு உத்தரவாதம் இன்று சர்வ சாதாரணம்! ஆண்டுக்கு அரை சதவீதம் அளவுக்குத்தான் அதன் திறன் இறங்கும். சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 1982-இல் மாட்டிய பேனல்களில் பெரும்பாலானவை 35 ஆண்டு கடந்தும் கரண்ட் தந்துகொண்டிருந்தன! தன்னைத் தயாரிக்கச் செலவான மின்சாரத்தை நம்ம ஊர் வெயிலில் ஒரு பேனல் எவ்வளவு நாளில் திருப்பித் தரும் தெரியுமா? சுமார் ஒன்று, ஒன்றரை ஆண்டில்! மீதி எல்லாம் லாபம்!

★ நிலா வெளிச்சத்தில் கரண்ட் வருமா? வரும்! ஆனால் முழுநிலவு சூரியனைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு மங்கல். 3 கிலோவாட் சோலாரே பௌர்ணமியில் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது!

இன்வெர்ட்டர் செய்யும் மாயம்

★ மாடி நிறையப் பேனல், உச்சி வெயில், ஊரில் கரண்ட் கட்... உங்கள் வீட்டில் விளக்கு எரியுமா? எரியாது! பலரைத் திகைக்க வைக்கும் உண்மை இது! பேட்டரி இல்லாத 'ஆன்-கிரிட்' இன்வெர்ட்டர் ஊர்க் கரண்ட் நின்ற நொடியில் தானும் நின்றுவிடும். ஏன் தெரியுமா? கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேனின் உயிரைக் காக்க! உங்கள் மாடிக் கரண்ட் வெளியே பாய்ந்தால் அவருக்கு ஆபத்து. கட் ஆகும்போதும் விளக்கு எரிய வேண்டுமா? பேட்டரியோடு வேலை செய்யும் 'ஹைப்ரிட்' இன்வெர்ட்டரைக் கேளுங்கள்!

★ பேனலுக்கு 25 ஆண்டு, இன்வெர்ட்டருக்கு? பெரும்பாலும் 10 ஆண்டு சுற்றில் மாற்ற வேண்டி வரும்! அதனால் பிற்பாடு பேட்டரி சேர்க்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளே ஹைப்ரிட் வாங்குவது லாபமா என்று கணக்குப் போடுங்கள்!

★ 330 வாட் பேனலில் 115 வாட்தான் வந்தால் எப்படி இருக்கும்? பல வீடுகளில் நடக்கிறது! 24 வோல்ட் வகைப் பேனல் 37 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் தரும். அதை விலை மலிவான 'பிடபிள்யூஎம்' கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரியோடு இணைத்தால், 9 ஆம்பியர் மட்டும் போகும்; வோல்ட் 13-க்கு இறங்கிவிடும். பெருக்கிப் பாருங்கள்... மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போச்சு! 'எம்பிபிடி' கன்ட்ரோலர் அந்த மிச்ச வோல்ட்டையும் ஆம்பியராக மாற்றித் தந்துவிடும்!

★ ஆறு பேனலை வரிசையாகக் கோத்தால் எத்தனை வோல்ட் தெரியுமா? சுமார் 300! அதுவும் டிசி கரண்ட். வெயில் இருக்கும்வரை பேனலை 'ஆஃப்' செய்யவே முடியாது! இணைப்பைத் தொடுவது பயிற்சி பெற்றவரின் வேலை. எர்த்திங் எத்தனை போட வேண்டும் தெரியுமா? டிசி பக்கத்துக்கு ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று... வழக்கமாக மூன்று!

பேட்டரிக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

★ உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வயது என்ன தெரியுமா? அந்தத் தொழில்நுட்பத்துக்கு 160-க்கும் மேல்! பிரான்சின் காஸ்டன் பிளாண்டே 1859-இல் கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரிதான் உலகின் முதல் ரீசார்ஜ் பேட்டரி!

★ 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி எத்தனை யூனிட் தரும்? 12 வோல்ட்டால் பெருக்கினால் 1.8 யூனிட். ஆனால் பாதிக்கு மேல் அதைக் காலி செய்தால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும்! ஆக, நிம்மதியாக எடுக்க முடிந்தது 0.9 யூனிட்தான்!

★ ஒரே 150 ஏஎச்... ஆனால் இரண்டு பேட்டரியும் ஒன்றல்ல! எப்படித் தெரியுமா? மேலே 'சி10' என்று இருந்தால் 10 மணி நேரத்தில் காலி செய்து அளந்தது. 'சி20' என்றால் 20 மணி நேரம் மெதுவாகக் காலி செய்து அளந்தது. சோலாருக்கு ஏற்றது சி10! விலைச்சீட்டைப் பார்க்கும் முன் இந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள்!

★ 5 யூனிட் லித்தியம் பேட்டரி ஒன்று, எத்தனை 150 ஏஎச் ஈய பேட்டரிக்குச் சமம் தெரியுமா? ஐந்து! லித்தியத்தில் 90 சதவீதம்வரை எடுக்கலாம், அதாவது 4.5 யூனிட். எடை? ஐந்து ஈய பேட்டரி சேர்ந்தால் 250 கிலோவைத் தாண்டும். லித்தியம் சுமார் 50 கிலோ! டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையே இல்லை!

★ எத்தனை முறை ஏற்றி இறக்கலாம்? வீட்டு லித்தியம் பேட்டரிகளில் 6,000 முறை என்று எழுதியிருப்பார்கள். தினம் ஒரு முறை என்றால் கணக்குப்படி 16 ஆண்டு! ஈய பேட்டரியோ மூன்று முதல் ஐந்து ஆண்டில் மாற்றக் கேட்கும். முதல் நாள் விலையை மட்டும் பார்த்தால் ஈயம் மலிவு. பதினைந்து ஆண்டுக் கணக்கைப் போட்டால்? நீங்களே பாருங்கள்!

★ வீட்டு பேட்டரிக்கு எந்த லித்தியம்? 'லித்தியம் இரும்பு பாஸ்பேட்'! கோபால்ட் கிடையாது, நிக்கல் கிடையாது, மற்ற வகைகளைவிடத் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. இந்த வகைக்கு வழி திறந்தவர்களில் ஒரு தமிழர் உண்டு தெரியுமா? அவர்தான் ஆறுமுகம் மந்திரம்! தமிழ்நாட்டின் தென்கோடிச் சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடி-யில் முனைவர் பட்டம் பெற்றவர். 1980-களின் இறுதியில் விஞ்ஞானி ஜான் குட்எனஃபோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வுதான் பின்னால் இந்த பேட்டரிக்கு அடித்தளம் ஆனது!

★ அந்த குட்எனஃப் லித்தியம் பேட்டரி ஆய்வுக்காக 2019-இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது எத்தனை தெரியுமா? 97! நோபல் வரலாற்றிலேயே மிக மூத்த வெற்றியாளர்! ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? நம் மந்திரம்தான்!

★ 2010-இல் ஒரு யூனிட் சேமிக்கும் லித்தியம் பேட்டரித் தொகுப்பு 1,000 டாலருக்கும் மேல்! 2024-இல் உலகச் சராசரி 115 டாலர்! பதினான்கே ஆண்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு!

★ பேட்டரியை எங்கே வைக்கிறீர்கள்? மாடிப்படி மேலே தகரக் கூரை அறையிலா? ஐயோ! 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்! வீட்டுக்குள் நிழலும் காற்றும் உள்ள இடமே பேட்டரிக்கு ஆயுள்!

ஏற்கெனவே சோலார் இருக்கிறதா? இதைப் படியுங்கள்!

★ பழைய 330 வாட் பேனல்களின் வரிசையில் புதிதாக ஒரு 540 வாட் பேனலைக் கோத்தால் என்ன ஆகும் தெரியுமா? வரிசையில் ஓடும் ஆம்பியரைப் பழையதுதான் தீர்மானிக்கும்! 13 ஆம்பியர் தர வேண்டிய புதுப் பேனல் 9 ஆம்பியரோடு நின்றுவிடும். 540 வாட்டுக்குக் காசு கொடுத்து 400 வாட்கூட வாங்க மாட்டீர்கள்! வழி? புதிய பேனல்களைத் தனி வரிசையாக்கி, இன்வெர்ட்டரில் தனி எம்பிபிடி-யில் கொடுங்கள்!

★ பழைய பேட்டரியோடு புதிய பேட்டரி? கூடவே கூடாது! பலவீனமானது வலுவானதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மாற்றினால் மொத்தமாக மாற்றுங்கள்! ஈயத்திலிருந்து லித்தியத்துக்குப் போகிறீர்களா? உங்கள் இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான சார்ஜ் அமைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!

★ பேட்டரியை மாற்றாமலே பேட்டரியைப் பெரிதாக்க முடியுமா? முடியும்! பழைய மின்விசிறி 75 வாட். 'பிஎல்டிசி' மின்விசிறி சுமார் 30 வாட். ஐந்து விசிறி இரவு பத்து மணி நேரம் ஓடினால் பழையதற்கு 3.75 யூனிட், புதியதற்கு 1.5! ஒரே இரவில் 2.25 யூனிட் மிச்சம்! முன்னே பார்த்த ஈய பேட்டரியில் இரண்டுக்கு மேல் வாங்கினால்தான் அந்த அளவு கிடைக்கும்!

★ மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர்... இவற்றைப் பகல் 10 முதல் 3 மணிக்குள் ஓட்டினால் பேட்டரிக்கு வேலையே இல்லை! வெயில் நேராகவே மாவு அரைக்கும்!

★ பேனலை எப்போது கழுவ வேண்டும் தெரியுமா? விடியற்காலை அல்லது வெயில் தாழ்ந்த பிறகு! கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. உப்புத் தண்ணீரும் ஆகாது. அது காய்ந்தால் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொண்டு வெளிச்சத்தை மறைக்கும்!

பில், மானியம், பிரமாண்டம்!

★ 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் எத்தனை வீடுகள் இலக்கு தெரியுமா? ஒரு கோடி! மானியம் எவ்வளவு? ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000; இரண்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் ரூ.78,000! ஒரு நிபந்தனை: பேனலும் அதன் உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். 'டிசிஆர் பேனலா?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்!

★ உங்கள் பில்லில் மிக விலை உயர்ந்த யூனிட் எது தெரியுமா? கடைசி யூனிட்! பயன்பாடு கூடக்கூடப் படிப்படியாகக் கட்டணம் ஏறும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமே மாறிவிடும்! சோலார் முதலில் வெட்டுவது அந்த உச்சிப் படியைத்தான். அதனால் பில் முழுவதையும் துடைக்கும் அளவுக்குப் பெரிதாகப் போட வேண்டும் என்பதில்லை. மேல்படியை வெட்டும் அளவே பெரிய லாபம்!

★ ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் எழுந்த சோலார் நிலையத்தில் எத்தனை பேனல் தெரியுமா? 25 லட்சம்! 2,500 ஏக்கர்! 648 மெகாவாட்! அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சோலார் நிலையம் அது. வறண்ட பூமி என்று பேர் வாங்கிய மண்ணில்!

★ ஆஸ்திரேலியாவில் எத்தனை வீட்டுக் கூரைகளில் சோலார் தெரியுமா? ஏறத்தாழ மூன்றில் ஒன்று! குஜராத்தின் மொதேரா கிராமத்தில் மட்டும் 1,300-க்கும் மேற்பட்ட கூரைகள்!

★ கடைசியாக ஒன்று! 1954-இல் அந்த பொம்மை ராட்டினம் சுற்றிய நாளிலிருந்து உலகம் முதல் 10 லட்சம் மெகாவாட் சோலாரை எட்ட 68 ஆண்டு ஆனது; அது 2022. அடுத்த 10 லட்சம் மெகாவாட்டுக்கு எத்தனை ஆண்டு தெரியுமா? இரண்டே இரண்டு! அதில் பெரும்பங்கு பெரிய நிலையங்கள் என்றாலும், கோடிக்கணக்கான வீட்டு மாடிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவைதான்! நிழலைப் பாருங்கள், விவரத்தாளைப் படியுங்கள், சி10-ஐத் தேடுங்கள், டிசிஆரைக் கேளுங்கள்... அடுத்த கணக்கில் உங்கள் மாடியும் இருக்கட்டும்!